ஒரு பேணி வெள்ளிக்காசு

குவியலாகக் கிடக்கும் கருவாட்டைப் பார்த்து விலை சொல்வதுதான் என் பிழைப்பு. மேலே நாலு நல்ல கட்டாக் கருவாட்டைப் பரப்பிவிட்டு, அடியில் உப்புப் பிடிக்காமல் நொந்துபோன சூடையைத் தள்ளி வைத்திருப்பார்கள். நான் கையை விட்டுக் கிளறுவதில்லை. குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தால் மூக்கே பாதியைச் சொல்லிவிடும். மீதியை எதிரில் நிற்கும் வியாபாரியின் முகம் சொல்லும். அவன் விடாமல் ஏற்றிக் கேட்கிறான் என்றால், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடற்கரை ஏலத்தில் இந்தக் கணக்கு என்னை ஒருநாளும் கவிழ்த்ததில்லை. அதே கணக்கைக் கோயில் ஏலத்துக்குக் கொண்டுபோனதுதான் வினை.

கோயில் ஏலம் என்றால் என்னவென்று எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது சண்டைக்குப் பயந்து எங்கள் குடும்பம் மன்னாரிலிருந்து படகேறி ராமேஸ்வரம் பக்கம் போய்விட்டது. அகதி முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தோம். அங்கே ஒரு சிறிய செபக்கூடம் இருந்தது. திருநாளும் ஏலமும் நடத்த யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்து நறுவிலிக்குளத்தில் பெண்ணெடுத்து, கீரியில் ஒரு துண்டுக் காணி வாங்கி, கருவாடு காயவைக்க ஒரு வாடி போட்டேன். என் மனைவியோ வயற்காரர் மகள், கடற்கரை வழக்கம் அவளுக்கும் புதிது. ஊரில் என்னை ‘இந்தியாக்காரர்’ என்பார்கள். அவசரத்தில் என் வாயில் ‘வாங்கோ’வுக்குப் பதில் ‘வாங்க’ வந்துவிடும். பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். உள்ளே மட்டும் சுருக்கென்று குத்தும்.

அந்த வருடத் திருநாள் திருப்பலி முடிந்து, பந்தலுக்குக் கீழே நேர்த்திக்கடனாக வந்த பொருட்களை ஏலம் விட்டார்கள். ஊர்ப்பெரியவராக இருந்து கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் ஒரு கிடாய்க்குட்டி, பிறகு இரண்டு தென்னம்பிள்ளை, பிறகு ஆளுயரத்துக்கு ஒரு பாரைமீன். பாரையை நான் கேட்கவில்லை. அதைக் கொண்டுவந்தவரே நல்ல விலைக்குக் கேட்டு எடுத்தார். தன் மீனைத் தானே ஏன் காசு கொடுத்து வாங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததைப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டிருக்கலாம். இந்தியாக்காரருக்கு இதுவும் தெரியாது என்று சொல்லிவிடுவார்களே என்று பேசாமல் நின்றேன்.

அடுத்ததாக மேசையில் பால்மா வந்த தகரப் பேணி ஒன்றை வைத்தார்கள்.

“இது பழைய காசுப் பேணி” என்றார் மூப்பர். “கோயில் அலுமாரிக்குள்ள கிடந்த பழைய காணிக்கைக் காசும் இந்த வருசத்துக் காசும் ஒண்டாக் கிடக்கு. கூரை வேலைக்குக் காசு வேணுமெண்டபடியால் இந்தமுறை பழையதையும் சேத்து விடுறம், பிரிக்கேல்லை. கேக்கிறவை கேளுங்கோ.”

கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். கறுத்துப்போன காசுகள், நாற்பதுக்குக் கிட்ட. தாடி வைத்த ராசா ஒருவர் தெரிந்தார். பின்பக்கத்தில் பனைபோல் ஒரு மரம் போட்ட காசுகள் தெரிந்தன. சிலவற்றில் கயிறு கோக்க வளையம் ஒட்டியிருந்தது. வெள்ளி என்று மட்டும் தெரிந்தது. அதற்குமேல் ஒரு எழவும் தெரியவில்லை.

“ஐயாயிரம்” என்றார் ஒரு பெண்.

அவர் எங்கள் ஒழுங்கைக்கு மூன்று ஒழுங்கை தள்ளி இருப்பவர். காலையில் இடியப்பம் அவித்து விற்பவர், கணவர் இறந்து கனகாலம். வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணக்காரர்கள் நிற்கிறார்கள், படகுச் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள், எல்லாரும் நிலத்தைப் பார்க்கிறார்கள். ஒரு பேணி வெள்ளியை ஐயாயிரத்துக்கு விடுகிறார்களா! எனக்கு மண்டை சுற்றியது. இவர்கள் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த நிமிடம் முடிவுகட்டினேன்.

“ஆறாயிரம்” என்றேன்.

மூப்பர் மைக்கைக் கொஞ்சம் இறக்கினார்.

“நீங்கள் கேக்கிறீங்களோ?”

“ஓம், நான்தான் கேக்கிறன். கேக்கக்கூடாதோ?”

மூப்பர் மைக்கைத் திரும்ப உயர்த்தினார். அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏழாயிரம் என்றார். நான் எட்டு. அவர் பத்து. இடியப்பம் விற்கிற கை பத்தாயிரத்திலும் நிற்கவில்லை, இருபதிலும் நிற்கவில்லை. என் காது சூடானது. எதையோ கண்டிருக்கிறார், அந்தக் கறுப்புக் காசுகளுக்குள் ஒன்று லட்சக்கணக்கில் பெறும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூப்பர் இன்னும் இரண்டு தடவை “நீங்கள் கேக்கிறீங்களோ?” என்றார். வேறு யாரிடமும் அப்படிக் கேட்காதவர் என்னிடம் மட்டும் கேட்டது எனக்கு எரிச்சலை ஏற்றிவிட்டது. அக்கா நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு என்றார். நான் நாற்பத்தெட்டு என்றேன். அவர் கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து, எண்ணிப் பார்த்து, திரும்பக் கட்டினார்.

மூப்பர் ஒருதரம் சொல்லி நெடுநேரம் நின்றார். இரண்டுதரம் சொல்லி அதைவிட நெடுநேரம் நின்றார். மூன்றுதரம் சொன்னபோது ஒருவரும் கைதட்டவில்லை. வாடிக் கூரைக்குத் தகரம் போட வைத்திருந்த காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, பேணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வென்றவன்போல் நடந்து வந்தேன்.

மனைவி பேணியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“தகரம் எங்க?”

“இதுக்குள்ள பத்துத் தகரம் கிடக்கு” என்றேன்.

“எந்தக் காசு அந்தத் தகரம் எண்டு காட்டுங்கோ பாப்பம்.”

அதுதானே எனக்கும் தெரியவேண்டும். சுளகில் கொட்டினேன். நாற்பத்தொரு காசு. முதலில் பருமனுக்குப் பருமன் பிரித்தேன். பிறகு அது சரியில்லை என்று ராசாவுக்கு ராசா பிரித்தேன். தாடி ராசா, தாடியில்லாத ராசா, முக்காடு போட்ட ராணி. பிறகு நாட்டுக்கு நாடு பிரித்தேன், மரம் போட்டது இலங்கை, பூமாலை போட்டது இந்தியா. பழுதான ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். ஆறு காசு பாய்ந்து வந்து ஒட்டிக்கொண்டன. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. அந்த ஆறும் வெறும் நிக்கல். நாற்பத்தொன்று முப்பத்தைந்தாகிவிட்டது, இன்னும் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

கருவாடு நிறுக்கும் தராசு இதற்குச் சரிவராது என்று மன்னார் டவுனில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். அது என்னை இன்னும் குழப்பியது. ஒரே ராசா, ஒரே மரம், ஒரே பருமன். ஒன்றுக்கொன்று நிறை வேறு. தேய்ந்ததால் குறைகிறதா, வளையத்தால் கூடுகிறதா? மரம் போட்ட காசுகளில் ஏழில் வளையம் இருந்தது. வளையம் செம்பு, ஒட்டியது ஈயம். செம்பையும் ஈயத்தையும் வெள்ளி என்று நிறுத்தால் நான் என்னையே ஏமாற்றுகிற மாதிரி. குறட்டால் ஏழு வளையத்தையும் நறுக்கி, அரத்தால் விளிம்பை மழமழவென்று தேய்த்தேன். வளையங்களை ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன். பிறகு புளியும் சாம்பலும் போட்டு எல்லாக் காசையும் கழுவினேன். கறுப்பெல்லாம் போய்ப் பளீரென்று வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“வடிவாய்த்தான் கிடக்கு. விலை என்ன?” என்றாள்.

விலை கேட்க டவுனில் ஒரு நகைப்பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையான மனிதர். ஒவ்வொரு காசாக உரைகல்லில் தேய்த்து, கண்ணாடிக் குச்சியால் அமிலம் தொட்டுவைத்து, நிறம் மாறுவதைப் பார்த்தார்.

“ராசா ஒராள்தான், வெள்ளி ஒண்டில்லை” என்றார். “இந்த ராசாவின்ர முதல் காசு நல்ல வெள்ளி. பிறகு அடிச்சதில அரைவாசிக்குக் கொஞ்சம் கூடத்தான் வெள்ளி, மற்றது கலப்பு. ஆண்டு தேஞ்ச காசெண்டா உரைச்சுத்தான் பிடிக்கவேணும்.”

“அப்ப எல்லாம் சேர்த்து எவ்வளவு பெறும்?”

“உருக்கிற விலைக்கெண்டா இருபத்தாறாயிரம் தருவன்.”

நாற்பத்தெட்டுக்கு இருபத்தாறு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் எனக்கு நானே பேசிக்கொண்டு வந்தேன். உருக்கிற விலைதானே அவர் சொன்னார், சேர்க்கிறவர்கள் விலை வேறு அல்லவா? போனில் தேடி, கொழும்பில் பழைய காசு சேர்க்கும் ஒருவரைப் பிடித்தேன். தமிழ் பேசுபவர். முப்பத்தைந்து காசையும் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

“ஏன் கழுவினீங்க?”

“அழுக்கா இருந்திச்சு.”

“ஐயோ, அந்த அழுக்குக்குத்தான் ஆக்கள் காசு கொடுக்கிறது. வளையம் இருந்த தழும்பையும் அரத்தால ராவியிருக்கிறீங்க. இனி இதை உருக்கத்தான் கொடுக்கணும்.”

இந்தியாவின் பூமாலைக் காசுகளில் நாலுக்கு மட்டும் கொஞ்சம் நல்ல விலை சொன்னார். அதைக் கூட்டினாலும் நட்டம் நட்டம்தான். ஒருவர் நிறையைச் சொல்கிறார், ஒருவர் அழுக்கைச் சொல்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று மட்டும் விடாமல் குடைந்தது. அந்த அக்கா எதைக் கண்டார்? நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு வரைக்கும் போவதற்கு இதற்குள் என்னதான் இருந்தது? முப்பத்தைந்து காசையும் ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ராசாக்கள் என்னைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் ஊரில் வேறொரு மாற்றம். எனக்கு வழமையாக மீன் தரும் மூன்று படகுக்காரர்கள் வாடிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். கடைக்குப் போனால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். பொறாமை என்று நினைத்தேன். புதையலை இந்தியாக்காரன் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று வயிறு எரிகிறார்களாக்கும். அப்படியென்றால் புதையல் இருக்கத்தானே வேண்டும்! கோபத்திலும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

திருநாள் முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகும் ஒரு வியாழக்கிழமை காலை, இடியப்பம் விற்றுவிட்டு வெறும் பெட்டியுடன் அந்த அக்கா எங்கள் படலையடியில் வந்து நின்றார்.

“உள்ள வாங்கோக்கா” என்றாள் மனைவி.

அவர் வரவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“தம்பி, அந்தப் பேணியை வாற ஞாயிறு பூசை முடியக் கோயிலில வச்சு ஏலத்துக்கு விடுவீங்களோ? ஐம்பதாயிரம் வச்சிருக்கிறன். உங்கட காசு உங்களுக்கு வந்திடும்.”

எனக்குள் மணி அடித்தது. இதோ, வந்துவிட்டார்! ஆனால் ஏன் ஏலம்? காசைக் கையில் வைத்துக்கொண்டு நேரே வாங்காமல் எதற்குக் கோயிலைச் சுற்றி வருகிறார்? ஞாயிற்றுக்கிழமை ஊரே முன்போல் வாய்மூடி நிற்கும், இவர் ஐயாயிரத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டும். அதுதான் திட்டம் என்று எனக்குத் தோன்றியது.

“ஏலமெல்லாம் வேண்டாமக்கா. அறுபதாயிரம் எண்டா பேணியை இப்பவே கையில தாறன்” என்றேன்.

“கையால வாங்கேலாது தம்பி.”

“ஏன் ஏலாது?”

அவர் படலையிலிருந்து கையை எடுத்தார். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் அவருக்குப் பின்னால் ஓடினாள்.

அவள் திரும்பி வர ஒரு மணித்தியாலமானது. வந்தவள் என் முன்னால் இருந்த தராசை எடுத்து அடுப்படிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கதைத்தாள்.

“அந்தப் பேணிக்குள்ள அவையின்ர காசு ஒண்டு கிடக்கு. மரம் போட்ட காசு. அக்கா பிறந்த நேரம் அரையில கட்டினது, பிறகு மகளுக்குக் கட்டினது. மகள் கலியாணம் முடிச்சு எட்டு வருசம். ரெண்டு தரம் வந்து ரெண்டும் தங்கேல்லை. இப்ப நிறைமாசம். அதுக்குத்தான் காசைக் கோயிலில வச்சு நேர்ந்தவ. நேர்ந்ததைத் திருநாளண்டு ஏலத்தில தானே எடுத்து, பிள்ளைப்பேறு நேரம் மகளின்ர கையில குடுக்கவேணும். பிள்ளை பிறந்தா அந்தப் பிள்ளைக்குக் கட்டவேணும். நேர்ந்தவை கேட்டா மற்றவை கேக்கிறேல்லை. ஊர் முழுக்கத் தெரிஞ்ச விசயம். கோயிலுக்குக் குடுத்ததைக் கோயிலிலதான் வாங்கலாம். வேற ஆரின்ரையும் கையால வாங்கினா நேர்த்தி சேராது.”

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“பிள்ளை கையில வாறதுக்கு முன்னம் நேர்த்தியைச் சபையில சொல்லுவினமோ? ரெண்டு பிள்ளையைப் பறிகுடுத்தவை. நீங்கள் அறுபதாயிரம் கேக்கிறீங்கள். அந்த ஐம்பதாயிரத்தை நிரப்பவே காப்பை அடகு வச்சிட்டுத்தான் வந்தவ. இன்னும் பத்தாயிரத்துக்கு என்னத்தை வைக்கிறது? நீங்கள் என்ன மனிசன்?”

என்ன மனிதன் என்று எனக்கும் தெரியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விளங்கின. பாரைமீனைத் தானே வாங்கிய மனிதர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற படகுக்காரர்கள், மூன்று தடவை கேட்ட மூப்பர். இரண்டு மாதமாக எனக்குக் குழப்பமாகத் தெரிந்ததெல்லாம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது.

பேணியையும் நெருப்புப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு மனைவியுடன் அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் முற்றத்து நிழலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். வயிறு இறங்கியிருந்தது, கால் இரண்டும் வீங்கியிருந்தன. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

“ஞாயிறு கோயிலில வைக்கிறனக்கா. ஒரு சதமும் வேண்டாம். அதுக்கு முன்னம் உங்கட காசு எதெண்டு ஒருக்காப் பாருங்கோ, அதைத் தனியா வைக்கச் சொல்லுறன்” என்று பேணியைத் திறந்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

“இதென்ன தம்பி, எல்லாம் புதுசாக் கிடக்கு?”

“கழுவினனான்.”

“எங்கட காசு கறுப்பு. ஒரு வளையம் இருந்தது.”

நெருப்புப்பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினேன். ஏழு வளையத்தில் ஒன்றை உடனே எடுத்தார். இரண்டு செம்புக் கம்பியை முறுக்கிச் செய்தது. மகள் பிறந்தபோது அவர் கணவர் தன் கையால் முறுக்கியதாம். அந்த வளையத்தை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு, வளையம் நறுக்கிய ஏழு காசின் விளிம்பிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எங்கே பொருந்தும்? நான்தான் ஏழையும் ஒரே மாதிரி மழமழவென்று ராவி வைத்திருக்கிறேனே. அவர் திரும்பவும் முதலாவது காசிலிருந்து தொடங்கினார்.

“எதெண்டு தெரியேல்லையா அம்மா?” என்றாள் மகள்.

அந்தப் பிள்ளையின் குரலில் இருந்த பயத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஓடித் தொலையலாமா என்று இருந்தது. காந்தம், தராசு, உரைகல், அமிலம், கொழும்பு என்று இவ்வளவும் செய்த எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அக்கா ஏழு காசையும் ஒன்றாகச் சேர்த்தார்.

“ஏழையும் வையுங்கோ தம்பி” என்றார் கடைசியாக. “ஏழில ஒண்டு அதுதானே.”

அன்றைக்கே மூப்பர் வீட்டுக்குப் போய் ஏழு காசையும் கொடுத்தேன். மிச்சத்தையும் கோயிலுக்கே கொடுத்துவிட்டேன்.

“ஏன் ஐயா எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“மூண்டு தரம் கேட்டனான். நீங்கள் மூஞ்சியை வச்சிருந்த மாதிரிக்கு, நாலாம் தரம் கேட்டா மைக்கால எனக்கு அடிச்சிருப்பியள்” என்றார்.

சனிக்கிழமை மகளை ஆஸ்பத்திரியில் விட்டார்கள். ஞாயிறு அக்கா ஏலத்துக்கு வந்தாகவேண்டும் என்பதால் என் மனைவி துணைக்குப் போய் இருந்தாள். திருப்பலியில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வெளியே போய் எடுத்தேன்.

“நோ தொடங்கீட்டுது. உள்ள கொண்டு போகினம். கெதியா வாங்கோ” என்றாள் மனைவி.

பெண்கள் பக்கம் இருந்த அக்காவுக்குச் சைகை காட்டினேன். அவர் எழும்பவில்லை. செபமாலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பங்குச் சுவாமியின் பிரசங்கம் அன்று மடுத் திருப்பதி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பூசையை நான் கண்டதில்லை.

முடிந்ததும் மூப்பர் வாசலில் மேசையைப் போட்டார். ஒரு தட்டில் ஏழு காசு. வேறு பொருள் இருந்தும் இதைத்தான் முதலில் வைத்தார்.

“மரம் போட்ட காசு ஏழு. கேக்கிறவை கேளுங்கோ.”

“ஐயாயிரம்” என்றார் அக்கா.

எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. நிமிர்ந்தால் மூப்பர் மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பின்னால் நின்ற படகுக்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். மூப்பர் மூன்றுதரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பிள்ளைப்பேற்று அறைக் கதவு மூடியிருந்தது. கைலேஞ்சி முடிச்சை அக்கா நீட்டினார். உள்ளே ஒன்றும் கொண்டுபோகக்கூடாது என்றாள் தாதி. என்னால்தான் எல்லாம் பிந்தியது, என்னால்தான், என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அக்காவின் முகத்தைப் பார்த்த தாதி, பேசாமல் முடிச்சை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். நாங்கள் மூவரும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணிக்குக் கிட்டக் கதவு திறந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. அக்கா செபமாலையை எடுத்து முத்தமிட்டார். பெண்பிள்ளை, தாயும் சுகம் என்றார்கள். நான் வெளியே போய், ஓட்டோக்கள் நிற்கும் இடத்தில், சுவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நன்றாக அழுதேன்.

ஞானஸ்நானத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். மீன் தருவதை நிறுத்திய படகுக்காரர்களும் வந்திருந்தார்கள். அதற்கு முன்னமே அவர்கள் என் வாடிக்குத் திரும்பவும் மீன் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். சுவாமி பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்ற அது கால்களை உதைத்தது. கோயில் முழுக்கக் கேட்கும்படி கலகலவென்று ஒரு சத்தம். சுவாமி நிறுத்திவிட்டு என்னவென்று பார்த்தார். எது தங்கள் காசு என்று தெரியாதபடியால் அக்கா ஏழையும் கோத்து அரையில் கட்டியிருந்தார். ஒரு காசு முறுக்குக் கம்பி வளையத்தில் தொங்கியது. மற்ற ஆறுக்கும் புது வளையம் ஒட்டிய கூலியை நான்தான் பட்டறைக்காரருக்குக் கொடுத்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் அக்கா பிள்ளையைத் தூக்கி என் கைகளில் வைத்தார். நான் பயந்துபோனேன். அதுவரைக்கும் நான் கைக்குழந்தை எதையும் தூக்கியதில்லை.

“என்ன தம்பி, உங்களுக்குத்தானே விலை மதிக்கத் தெரியும். நிறுத்துப் பாத்து எவ்வளவு பெறுமெண்டு சொல்லுங்கோவன்” என்றார்.

ஒரு கூடைக் கருவாட்டைக் கையால் தூக்கி, கால் கிலோ பிசகாமல் சொல்கிற கை என்னுடையது. பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அரையில் காசுகள் என் மணிக்கட்டில் குளிராகப் பட்டன.

“தெரியேல்லையக்கா” என்றேன்.

“இதை அண்டைக்குப் பந்தலுக்குள்ளயே சொல்லியிருக்கலாமே” என்றார் அக்கா.